கடைசி ஐந்நூறு மீட்டர்: கம்பம் பள்ளத்தாக்கில் வலையமைப்பும் சேரியும்

1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளில் நடக்கவும் பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ள உரிமையை அரசு ஆவணத்தில் ஏற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதைப் பின்பற்றி மகாத் நகராட்சி, சவுதார் குளம் அனைவருக்கும் பொது என்று முடிவெடுத்தது. முடிவு தாளில் இருந்தது. தண்ணீர் குளத்திலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் நடந்து சென்று அள்ளிக் குடித்த பிறகே அந்தத் தாளுக்குப் பொருள் கிடைத்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து, பொதுப் பணத்தில் புதியதொரு குளம் வெட்டப்படுகிறது. அதன் பெயர் இணையம். ஊராட்சிதோறும் கண்ணாடி இழை வடம் புதைக்கப்படுகிறது. அந்த வடம் எந்தக் கட்டடத்தில் வந்து முடிகிறது? அக்கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? அங்கிருந்து சேரிவரையிலான கடைசி ஐந்நூறு மீட்டரை யார் கடத்துவார்? தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டியை முன்வைத்து இக்கேள்விகளைக் கேட்க விரும்புகிறேன்.

கணக்கில் விழாத ஊர்

கே.கே.பட்டி என்று எல்லோரும் அழைக்கும் காமயகவுண்டன்பட்டி, உத்தமபாளையம் வட்டத்தில் சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்றுப் பாசனம். திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வாழையும் நெல்லும் நிறைந்த பூமி. இப்பள்ளத்தாக்கின் நிலமற்ற உழைப்பாளிகளில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். விடியும் முன்னரே சீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பும் பெண்கள் அவர்கள். மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் செய்தி.

2011 அக்டோபரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டம் பின்னர் ‘பாரத்நெட்’ என்று பெயர் மாறியது. சுமார் 2.5 இலட்சம் கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு, 2018இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் தரப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் முடியும் என்று சொல்லப்பட்ட திட்டம் காலக்கெடுவை மீண்டும் மீண்டும் தவறவிட்டது. 2023 ஆகத்தில் 1.39 இலட்சம் கோடி ரூபாய் மதிப்பீட்டில் திருத்திய வடிவம் ஒப்புதல் பெற்றது. பழைய வடிவில் ஒரு வடம் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர் இருண்டுவிடும். புதிய வடிவம் வளைய அமைப்பைக் கொண்டது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியே தொடர்பு நீடிக்கும்.

இந்தத் திட்டத்தின் அலகு கிராம ஊராட்சி என்பதைக் கவனிக்க வேண்டும். காமயகவுண்டன்பட்டியோ பேரூராட்சி. பக்கத்திலுள்ள சுருளிப்பட்டியும் நாராயணத்தேவன்பட்டியும் ஊராட்சிகள். ஒரே தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்கள், நிர்வாக எல்லைக் கோட்டின் இருபுறமும் வாழ்கிற காரணத்தாலேயே இருவேறு திட்டங்களின் கணக்கில் வருகின்றன. பெயர்களிலேயே சாதியைச் சுமக்கும் இந்த ஊர்களின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும் காலனிகளுக்கோ எந்தத் திட்டத்திலும் தனி அலகு கிடையாது. ஊராட்சி அலுவலகம் இணைக்கப்பட்டால் ஊராட்சி முழுவதும் இணைக்கப்பட்டதாகவே ஏட்டில் பதிவாகும். ஊர் வேறு, சேரி வேறு என்ற உண்மை அந்தப் பதிவேட்டில் இல்லை.

இதே மாவட்டத்தில் ஏற்கெனவே நடந்தது

சிதறிய சிற்றூர்களைக் கம்பியில்லாமல் இணைப்பது பெரிய பொறியியல் சவால் என்று கருதுவோர் இருந்தால், தேனி மாவட்டத்தின் அண்மை வரலாற்றைப் படிக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தன் கிராமப்புறப் பார்வை மையங்களை நீண்ட தொலைவு ‘வைஃபை’ மூலம் இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக் குழு தொழில்நுட்பத்தை வடிவமைத்தது. சின்னமனூர், போடி, ஆண்டிபட்டி, பெரியகுளம் போன்ற இடங்களில் இருந்த மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே அவரோடு பேசி முடிவு சொல்வார்.

அக்குழு 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அப்போது ஐந்து மையங்கள் இணைக்கப்பட்டிருந்தன. பதினொரு கருவிகளும் ஒன்பது நேர் இணைப்புகளும் இருந்தன. இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. சில கருவிகள் கோபுரங்களில் பொருத்தப்பட்டன. மற்றவை மொட்டை மாடிக் கம்பங்களிலும், ஏற்கெனவே நின்றிருந்த உயரமான கட்டுமானங்களிலும், ஓரிடத்தில் துணி ஆலையின் புகைபோக்கியிலும் ஏறின. ஒவ்வொரு மையத்துக்கும் நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வேகம் கிடைத்தது. அந்நாளில் பெருநகர வீடுகளிலேயே கிட்டாத வேகம் அது.

ஒரு வீட்டுக்குள் பயன்படும் ‘வைஃபை’யைப் பல கிலோமீட்டர் தூரம் செலுத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அனுப்பிய தகவல் கிடைத்தது என்ற ஒப்புகை குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால், கருவி அதே தகவலை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். தூரம் கூடும்போது ஒப்புகை தாமதமாகும். இணைப்பு பயனற்றுப் போகும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படியும், ஒப்புகைகளைத் தொகுத்து அனுப்பும்படியும் மென்பொருளை மாற்றி அக்குழு இதைத் தீர்த்தது. விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை.

தொடங்கிய பின் அவர்களை அதிகம் வாட்டியவை வேறு: மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தில் கருகிய பாகங்கள், பழுதின் காரணத்தைத் தொலைவிலிருந்து கண்டறிய முடியாமை, உள்ளூரில் பழுது நீக்கத் தெரிந்தோர் இல்லாமை. உள்ளூர்ப் பணியாளர்கள் பயிற்சி பெற்றுப் பொறுப்பை ஏற்ற பின்னரே வலையமைப்பு நிலைபெற்றது. கோபுரத்தில் ஏறத் தெரிந்த உள்ளூர்க் கைகளே ஒரு வலையமைப்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது இந்த மண்ணிலேயே கிடைத்த பாடம்.

மேலூரும் புதுச்சேரியும் சொல்பவை

ஆனால் மருத்துவமனை வலையமைப்பு ஒரே நிறுவனத்துக்கு உரியது. அதன் முனைகள் யாருக்காக என்பதில் குழப்பமில்லை. ஊரே பயன்படுத்தும் வலையமைப்பில்தான் சாதி உள்ளே நுழைகிறது. இதற்கு இரண்டு சான்றுகள் தமிழ் நிலத்திலேயே இருக்கின்றன.

முதலாவது, மதுரை மாவட்டம் மேலூர் வட்டம். 2001 முதல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் என்-லோக் நிறுவனமும் இணைந்து, அங்குள்ள சிற்றூர்களில் கம்பியில்லா இணைப்புடன் கணினி மையங்களை நிறுவின. இதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குற்றத்துக்காக முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலை நடந்து நான்கே ஆண்டுகளில் வந்த கணினி மையங்களை யார் பயன்படுத்தினர்?

ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பல ஆண்டுகள் கழித்தும் சிறு அளவிலான குடும்பங்களே மையங்களுக்கு வந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், சமூகத்தில் முன்னேறிய பிரிவினர். ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை மையங்கள் அப்படியே நீட்டிக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். ஆனால் விதிவிலக்குகளையும் அவர்கள் பதிவுசெய்தனர். விளிம்புநிலை மக்களின் குடியிருப்புகளுக்கு அருகில் மையம் அமைந்த இடங்களிலும், அச்சமூகங்களைச் சேர்ந்தவரே மையத்தின் உரிமையாளராக இருந்த இடங்களிலும் அம்மக்களின் பயன்பாடு கூடுதலாக இருந்தது.

இரண்டாவது சான்று புதுச்சேரி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, சுற்றியுள்ள கிராமங்களை வானொலி அலைகள் மூலம் இணைத்து அறிவு மையங்களை நடத்தியது. கட்டடத்தை ஊரார் தர வேண்டும். மையம் சாதி வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆயினும் ஒரு கிராமத்தில் தனியார் வீட்டில் அமைந்த மையத்துக்குள் தலித் மக்களால் செல்ல முடியவில்லை. மையத்தைப் பொது இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நிபந்தனை எழுதப்பட்டிருந்தது, ஆனால் வாசல் வேறொருவருடையது.

இடம், உரிமை ஆகிய இவ்விரண்டும் சரியாக அமைந்தால்தான் அலைவரிசை சேரிக்கு வரும். இது உணர்ச்சியின் வெளிப்பாடு அல்ல. களத்தில் கண்டறியப்பட்ட முடிவு.

சட்டம் என்ன சொல்கிறது?

இணையம் சலுகையா, உரிமையா என்ற விவாதத்தில் நீதிமன்றங்கள் சில அடிகள் முன்னே வந்திருக்கின்றன. 2019 செப்டம்பரில் ஃபகீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், இணைய அணுக்கம் கல்வி உரிமையின் பகுதி என்றது. 2020 சனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியான கருத்துரிமையும் தொழில் உரிமையும் அரசமைப்பின் 19ஆம் கூறின் பாதுகாப்புக்கு உரியவை என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணு அணுக்கம் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் அமில வீச்சால் முகம் சிதைந்தவரும் பார்வை இழந்தவரும் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் கையில் இதைவிடப் பழைய கருவிகளும் உள்ளன. அரசுப் பணத்தில் முழுவதுமாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) கூறு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(za) பிரிவு, பொதுச் சொத்து வளங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும், பொது இடங்களில் பொதுப் பயன்பாட்டுக்கென உள்ள பொருட்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. அரசுப் பணத்தில் வந்த இணைப்பைச் சாதிச் சங்க மண்டபத்திலோ, சேரி மக்கள் நுழைய முடியாத கோயில் வளாகத்திலோ பொருத்துவது இவ்விரு விதிகளுக்கும் எதிரானது என்பது என் வாதம். கடமை தவறும் அரசு ஊழியரை அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு கேள்வி கேட்கும்.

இணைப்பு இல்லாமை நீதியையே தாமதப்படுத்தும் என்பதை உச்ச நீதிமன்றம் ஒருமுறை தன்னையறியாமலே ஒப்புக்கொண்டது. முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் அது ஆணையிட்டது. இணைப்புச் சிக்கல் உள்ள பகுதிகளுக்கு அக்கெடுவை 72 மணி நேரம் வரை நீட்டிக்கவும் இடம் தந்தது. வன்கொடுமை வழக்கில் அந்த 48 மணி நேர வேறுபாடு சிறியதல்ல. சாட்சியை மிரட்டவும், சமரசம் பேசவும், எதிர் வழக்கு ஜோடிக்கவும் போதுமான அவகாசம் அது. புகார் கொடுத்த பெண்மணி அறிக்கையில் என்னென்ன பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன என்று அறிய, யாரை எதிர்த்துப் புகார் கொடுத்தாரோ அவருடைய தெருவில் இருக்கும் கணினிக் கடைக்கே செல்ல நேர்ந்ததை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

எப்படி அமையலாம்?

கே.கே.பட்டியையும் அதைச் சுற்றிய ஊராட்சிகளையும் சேர்த்து ஒரு சிறு சமூக வலையமைப்பை எண்ணிப்பார்ப்போம். காலனியின் மாலை நேரப் படிப்பகம், சமுதாயக் கூடம், ஆதிதிராவிடர் நல விடுதி, மகளிர் குழுக் கட்டடம் போன்றவை அதன் முனைகள். பள்ளத்தாக்கின் தரை சமமானது என்பதால் நேர்ப்பார்வை கிடைக்கும். தென்னந்தோப்புகள் மறைக்கும் இடங்களில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி போன்ற உயரமான பொதுக் கட்டுமானம் உதவும். முனைகளை ஒரே நேர்க்கோட்டில் தொடுக்காமல் வளையமாக இணைக்க வேண்டும். ஒரு தெருவில் மின்சாரத்தைத் துண்டித்தால் அடுத்த சேரியும் சேர்ந்து துண்டிக்கப்படும் நிலை இருக்கக் கூடாது.

வெளி இணைப்பு அறுந்தாலும் பயன்பட வேண்டியவற்றை உள்ளூர்க் கணினி ஒன்றில் சேமித்து வைக்கலாம்: பள்ளிப் பாடநூல்கள், போட்டித் தேர்வுக் குறிப்புகள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் விதிகளும், புகார் மாதிரிகள், இழப்பீட்டு அட்டவணை. வேகத்தைவிட இதுவே முக்கியம்.

சட்டத் தெளிவு இங்கே தேவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018 அக்டோபரிலும் உரிம விலக்கு தரப்பட்டது. கருவியை நிறுவ அலைவரிசை உரிமம் வேண்டாம் என்பதே இதன் பொருள். பொதுமக்களுக்கு இணையச் சேவை தருவது வேறு. அது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் அனுமதிக்குள் வரும். இந்த இடைவெளியைக் கடக்க ஒரு வழி, 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘பிஎம்-வானி’ திட்டம். தேநீர்க் கடையோ மகளிர் குழுவோ தனக்கென உரிமமோ பதிவோ கட்டணமோ இன்றிப் பொது ‘வைஃபை’ தரலாம். பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவரோடு இணைந்தால் போதும். இத்தகைய சிறு வழங்குநரிடம், வீட்டு இணைப்புக்கான கட்டணத்தின் இருமடங்குக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2025 சூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டது.

பணத்துக்கு, 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை முன்வைக்க வேண்டும். துணைத்திட்ட நிதி பொதுச் செலவுகளுக்குத் திருப்பப்படுகிறது என்பது நம் நெடுநாள் குற்றச்சாட்டு. சேரியில் நிற்கும் கோபுரமும், சேரிப் பெண்ணுக்குத் தரப்படும் பழுதுநீக்கப் பயிற்சியும் திருப்பிவிட முடியாத, கண்ணுக்குத் தெரியும் செலவுகள்.

எச்சரிக்கைகள்

சமூக வலையமைப்பு என்ற சொல்லிலேயே ஒரு பொறி இருக்கிறது. கத்தலோனியாவில் 2004இல் தொடங்கிய ‘குய்ஃபி’, பல்லாயிரம் முனைகள் கொண்ட பொது வலையமைப்பாக வளர்ந்தது. மெக்சிகோவின் ஓஹாக்காவில் பழங்குடி ஊர்கள் தங்களுக்கெனக் கைப்பேசி வலையமைப்பை நடத்துகின்றன. அங்கே ‘ஊர்’ என்றால் பெரும்பாலும் ஒரே மக்கள். இங்கே ஊர் என்பது சேரியை வெளியே வைத்து வரையறுக்கப்பட்டது. ஊர்ப் பொது என்று சொல்லப்படுவதெல்லாம் யாருடைய பொது என்று கேட்காமல் அந்த மாதிரிகளை இறக்குமதி செய்ய முடியாது. நிர்வாகக் குழுவில் சேரிப் பெண்களுக்குப் பெரும்பான்மை வேண்டும். கணக்குப் புத்தகமும் கடவுச்சொற்களும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

பயனாளர் பதிவுகள் யார் கைக்குப் போகும் என்பதும் கவலைக்குரியது. சாதி மறுப்புத் திருமணம் செய்ய விரும்பும் ஒரு பெண், எந்தத் தளத்தைப் பார்த்தாள், யாருடன் பேசினாள் என்பது உள்ளூர்ப் பெரியமனிதர் ஒருவருக்குத் தெரியவருமானால், அந்த வலையமைப்பு அவளுடைய உயிருக்கே ஆபத்து. சட்டம் கோரும் குறைந்த அளவைத் தாண்டி எதையும் சேமிக்கக் கூடாது. சேமித்ததைச் சட்டவழி ஆணையின்றித் தரக் கூடாது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. முடக்கும் அதிகாரம் புதிய சட்டத்திலும் 20ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வலையமைப்பு வந்துவிட்டால் நேரடித் தொடர்பு தேவையில்லை என்று எந்த இயக்கமும் நினைத்துவிடக் கூடாது.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் இணைப்புக் கருவி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அது இயங்குகிறதா, அதன் சாவி யாரிடம் உள்ளது, சேரியிலிருந்து அது எத்தனை மீட்டர் என்ற நான்கு கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கேளுங்கள். விடைகளை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். அந்த வரைபடம் மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவின் முன்னும், தேவையானால் உயர்நீதிமன்றத்தின் முன்னும் ஆவணமாக நிற்கும். சவுதார் குளத்துக்கு நடப்பதற்கு முன், அந்தக் குளம் பொதுக் குளம்தான் என்பதற்கான ஆவணம் கையில் இருந்தது. நமக்கும் அந்த ஆவணம் முதலில் வேண்டும். நடப்பது அதன் பிறகு.